பக்கத்து சீட்டின் எடை

ஒரு பயத்துக்குக் காரணம் இன்னதென்று தெரிந்து, அதைக் கையால் தொட்டுப் பார்த்து, ஸ்பேனர் போட்டு முறுக்கிச் சரிசெய்த பிறகும் பயம் போகவில்லை என்றால், முதலில் பயந்தது எதைப் பார்த்து? ஒயரிங்காரர் இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அப்படிக் கேட்கிற சுபாவமும் அவருக்குக் கிடையாது. ஆனால் அவருடைய பிற்காலத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, மனிதர் அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிகிறாரோ என்று தோன்றியிருக்கிறது. பதில் கிடைத்ததா என்பது அவருக்கே வெளிச்சம்.

வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பது அவர் தொழில். பதினெட்டு வருஷம் பஸ் டிப்போவில் இருந்தார். பிறகு இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு ஷெட் பிடித்து, சொந்தமாகக் கடை வைத்தார். ஷெட்டின் முன்பாதி மனைவியுடையது. அங்கே ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அவள் சீட் கவர் தைப்பாள். பின்பாதி அவருடையது. பிஸ்கட் டப்பாக்களில் பழைய ரிலேக்கள், ஆணிகளில் நிறவாரியாகத் தொங்கும் ஒயர்கள், ஈயம் உருகிய வாசனை. கழுத்தில் எப்போதும் கறுப்புக் கயிற்றில் கரண்ட் அளக்கிற ஒரு மீட்டர் தொங்கும். அதனால் தெருவில் அவருக்கு 'மீட்டர்' என்றே பெயர். தூங்கும்போதாவது அதைக் கழற்றி வையுங்கள், புரண்டு படுத்தால் எனக்குத்தான் இடிக்கிறது என்று மனைவி சொல்வாள்.

அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. டிப்போவில் அவரைவிட வேகமாக யோசிக்கிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர் பொறுமைசாலி, அவ்வளவுதான். வேகமாக யோசிக்கிறவர்கள் மூன்றாவது நாள் கை உதறிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நான்காவது நாளும் அதே ஒயரை முதலிலிருந்து தடவிக்கொண்டு வருவார். கோளாறு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் இடம் இருக்கும், விரல் வைத்துக் காட்டலாம் என்பது அவர் நம்பிக்கை. அதற்கு மேல் அவருக்கு வேறு நம்பிக்கைகள் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த நம்பிக்கை சின்ன வயதில் வந்தது. பதினோரு வயதில் அவருடைய அம்மா இறந்துபோனாள். அம்மா கேட்கிற ரேடியோ சமையலறை அலமாரியில் இருந்தது. சில வாரம் கழித்து, சாயங்கால வேளைகளில் அது தானாகப் பாட ஆரம்பித்தது. யாரும் பக்கத்தில்கூடப் போயிருக்க மாட்டார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அக்கா மட்டும் அலமாரிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் இவர் காய் நறுக்குகிற கத்தியால் ரேடியோவின் முதுகைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு பற்றவைப்பு மயிரிழை அளவுக்கு விட்டிருந்தது. கீழே அடுப்பு எரிந்து அலமாரி சூடேறும்போது அது விரிந்து ஒட்டிக்கொள்கிறது, ரேடியோ பாடுகிறது. கம்பியைச் சூடுபண்ணி வைத்து அதை ஒட்டினார். அதன் பிறகு அது தானாகப் பாடவில்லை. அக்கா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. உன்னை யார் சரி பண்ணச் சொன்னது என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

இதை டீக்கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். கண்ணாடிக்காரர் வண்டியோடு வந்த வருஷம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரர் என்பவர் ஜன்னல் கண்ணாடியும் நிலைக்கண்ணாடியும் அளவுக்கு வெட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். வயது அறுபத்தாறு. ஒல்லியான உடம்பு, விரலெல்லாம் வெட்டுத் தழும்பு. இருபது வருஷப் பழைய டீசல் பிக்கப் ஒன்று வைத்திருந்தார். பின்னால் கூரை மாதிரிச் சாய்த்து அடித்த மரச்சட்டம், அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டியிருக்கும். பதினான்கு வருஷம் அவர் மனைவிதான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே போனாள். மடியில் அளவு நாடா, அளவு குறித்த சீட்டு. ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். அடுத்த இரண்டு வாரத்தில் வண்டி இப்படி ஆகிவிட்டது.

"எல்லாம் போயிடும் தம்பி," என்றார். "முள்ளு, லைட்டு, ஹாரன், இன்ஜின், எல்லாம். ஒரு மூச்சு விடற நேரம். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்துடும்."

கூட வந்த மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். அப்பா வண்டியை ஷெட்டுக்குள் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஒயரிங்காரரைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டுப் பேசினாள். மூன்று மெக்கானிக் பார்த்துவிட்டார்களாம். மூன்று பேரும் வண்டியில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்களாம். போன மாதம் கல்குழி வளைவில் வண்டி சத்தமே இல்லாமல் வந்து, ஒரு சைக்கிள்காரியை இடிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது. அப்பாவுக்குத்தான் சில நொடி நினைவு தப்புகிறது, வண்டி நின்றுபோனதாக அவர் நினைத்துக்கொள்கிறார் என்பது அவள் எண்ணம். டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது. அவரும் ஒன்றுமில்லை என்கிறார்.

"ஒண்ணு வண்டியில இருக்கணும், இல்ல அப்பாகிட்ட இருக்கணும்," என்றாள். "வண்டியிலன்னா நீங்க காட்டுங்க அண்ணா. பத்து நாள். இல்லன்னா சாவியை நான் வாங்கி வச்சுக்கப் போறேன். வாங்கினா அவர் என்ன ஆவார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன்."

அது ஒயரிங்காரருக்கும் தெரிந்தது. அவருடைய அப்பாவே வேலையிலிருந்து நின்ற பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், இரண்டு வருஷம் கழித்து அந்த நாற்காலியிலிருந்துதான் தூக்கினார்கள்.

முதல் இரண்டு நாள் வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தார். பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரை அளந்தார். பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாவித் துளைக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்தார். டீசல் இன்ஜின் ஓடத் தீப்பொறி வேண்டாம். ஆனால் டீசல் போகிற வழியில் ஒரு சின்ன அடைப்பான் இருக்கிறது. கரண்ட் வந்துகொண்டிருக்கிற வரைக்கும்தான் அது திறந்திருக்கும். அதனால் கரண்ட் போனால் இன்ஜினும் போகும் என்று கண்ணாடிக்காரர் சொன்னது சரிதான். ஏன் போகிறது என்பதுதான் தெரியவில்லை. மீட்டர் எங்கே வைத்தாலும் நல்ல எண்ணையே காட்டியது.

மூன்றாம் நாளிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். இதில் ஒயரிங்காரருக்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு. வாடிக்கையாளர் வண்டியை அவர் ஓட்ட மாட்டார். ஓட்டுகிறவன் காலும் கையும் கோளாறில் பாதி என்பார். வண்டிக்காரர் ஓட்ட வேண்டும், இவர் பக்கத்து சீட்டில் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்ட முறை அது.

கண்ணாடிக்காரர் தினமும் காலையில் வீட்டிலிருந்து தனியாக வண்டியை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். வழியில் கல்குழி வளைவு. வந்து இறங்கியதும், இன்றைக்கும் போச்சு தம்பி, ஒரு தடவை என்பார். சில நாள் இரண்டு தடவை என்பார். ஒயரிங்காரர் ஏறி உட்காருவார். அதே வழி, அதே வளைவு, அதே வேகம். ஒன்றும் ஆகாது. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். மீட்டர் முள் கல்லில் செதுக்கினது மாதிரி நிற்கும். கண்ணாடிக்காரர் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார்.

கல்குழி என்பது முன்பு பாறை உடைத்த இடம். உடைத்து உடைத்து ஆழம் போய், ஊற்றுத் திறந்து, வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது செங்குத்தான சுவர்களுக்கு நடுவில் கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. காற்றடித்தாலும் அது அசைவதில்லை. ரோடு அதன் விளிம்பை ஒட்டி இறங்கித் திரும்புகிறது. பறவைகூட அங்கே வந்து உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. ஏன் என்று யோசித்து, மரம் இல்லை, உட்கார இடமில்லை என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார். அப்படிப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

வேறு இரண்டு விஷயங்களும் பிடிக்கவில்லை. கண்ணாடிக்காரர் பிரேக்கை மிதிக்கும்போது, யாரும் சுவிட்சைப் போடாமலே, வைப்பர் ஒரு விரல் அளவு அசைந்து அடங்கியது. தூக்கத்தில் கை அசைகிற மாதிரி. இன்னொன்று, காலையில் அவர் ஏறும்போதே பக்கத்து சீட் வெதுவெதுப்பாக இருந்தது. சற்று முன் யாரோ எழுந்து போன சீட் மாதிரி. வெயில் பட்டிருக்கும் என்று முதல் நாள் நினைத்தார். நான்காம் நாள் மழை. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் ஷெட்டில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அந்த வண்டிக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றாள். "நீங்க ஏறினா மட்டும் சமத்தா இருக்கு. எனக்குத்தான் இத்தனை வருஷமா அந்த மாயம் புரியல."

அவர் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தார். நாம் அறிய வேண்டியதிலிருந்து நம்மைக் கழித்துக்கொள்ள மறந்துவிடுகிறோம். பெரிய படிப்பாளிகளுக்கே நடப்பதுதான், ஷெட்டில் நடந்ததில் ஆச்சரியமில்லை. மூன்று மெக்கானிக்கும் எங்கே உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்தார். அவர் உட்கார்ந்த இடத்தில்தான்.

ஒன்பதாம் நாள் காலை வளைவுக்குச் சற்று மேலே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பின்விளக்கு எரிகிறதா என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டும், நீங்கள் மட்டும் மேலே போய்த் திரும்பி வாருங்கள் என்றார். கண்ணாடிக்காரர் உடனே கியர் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நீயும் வாயேன் தம்பி, கண்ணாடியில் பார்த்துக்கலாமே என்றார். ஒயரிங்காரர் கதவைச் சாத்தினார்.

வண்டி மேலே போய் மறைந்தது. அவர் தண்ணீர்ப் பக்கத்துத் தடுப்புக் கல்லில் சாய்ந்து நின்றார். திரும்பி வருகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு அறுத்துப் போட்ட மாதிரி நின்றது.

வளைவுக்கு மேலே வண்டி தெரிந்தபோது முகவிளக்கு செத்திருந்தது. சத்தமில்லாமல் இறங்கி வந்தது. டயர் கல்லில் நறநறக்கிற ஓசை மட்டும். அன்றைக்குச் சட்டத்தில் இரண்டு பெரிய நிலைக்கண்ணாடிகள் இருந்தன. வண்டி திரும்பும்போது கண்ணாடிக்குள் பாறைச் சுவரும், கறுப்புத் தண்ணீரும், அதற்கு முன்னால் மீட்டர் தொங்க நிற்கிற ஒரு மனிதனும் மெல்லத் திரும்பிக் கடந்து போனார்கள். அந்த மனிதன் தான்தான் என்று தெரிய அவருக்கு ஒரு கணம் பிடித்தது.

அப்போதுதான் உள்ளே பார்த்தார். கண்ணாடிக்காரர் பதறவில்லை. பிரேக்கைத் தேடவில்லை. ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி, இன்னொரு கையைப் பக்கத்து சீட்டில், முன்விளிம்புக்குச் சற்று உள்ளே, ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் முழங்கால் வரும் இடத்தில் வைத்து, மெதுவாக அழுத்தினார். விளக்கு எரிந்தது. வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி உறுமிக்கொண்டு புறப்பட்டது.

கீழே போய் நின்ற வண்டியிடம் ஒயரிங்காரர் நடந்து போனார். கதவைத் திறக்காமல் ஜன்னலோரம் நின்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"கை வச்சேன்," என்றார் கண்ணாடிக்காரர். "அவளுக்கு இந்தத் தண்ணியைக் கண்டா ஆகாது. இந்த வளைவு வந்தா பேச்சை நிறுத்திடுவா. முட்டி மேல கை வச்சா சரியாயிடுவா. பதினாலு வருஷம். அவ போனப்புறம் மொத தடவை எல்லாம் அணைஞ்சப்ப கை தானாப் போச்சு தம்பி. வச்சேன். வந்துடுச்சு."

"எத்தனை தடவை?"

"எப்ப வச்சாலும்."

"ஏழு நாளா என்கூட சுத்துறீங்க. சொல்லலியே அண்ணே."

"சொன்னா நீ கண்டுபிடிச்சிருப்பே," என்றார் கண்ணாடிக்காரர்.

அதற்குப் பிறகு இருவரும் ஷெட்டுக்குத் திரும்பினார்கள். ஒயரிங்காரர் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார். வேறு இடமில்லை. வரும் வழியெல்லாம் அடியில் அந்த வெதுவெதுப்பு இருந்தது. அவர் முதுகைச் சாய்க்கவில்லை.

கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதுமாயிருந்தது. சீட்டின் நாலு போல்டைக் கழற்றி, சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார். ரப்பரையும் தூசியையும் விலக்கினால் தரைத் தகடு. வண்டியின் கேபின் ரப்பர்க் கட்டைகள் மேல் உட்கார்ந்திருப்பதால், அடிச்சட்டத்தோடு அதை இணைக்க ஒரு தடித்த எர்த் பட்டை வேண்டும். கேபினுக்குப் போகிற கரண்ட் எல்லாம் திரும்பி வருகிற ஒரே நல்ல வழி அதுதான். அந்தப் பட்டையின் போல்ட் சீட்டுக்கு நேர் கீழே இருந்தது. போல்டைச் சுற்றித் தகடு துருவேறி, பிறை வடிவில் வெடித்திருந்தது. மேலே எடை இருந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். எடை இல்லாமல் வளைவில் சாய்ந்தால் திறந்துகொள்ளும். நிற்கும்போது லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் எந்த மீட்டரிலும் விழவில்லை. நல்ல வழி அடைபட்ட கரண்ட் கிடைத்த சந்தில் எல்லாம் நுழைந்து போனதில்தான் பிரேக் மிதித்தால் வைப்பர் அசைந்தது. வெடிப்பின் ஒடுங்கிய இடத்தில் அது தகட்டைச் சூடாக்கியதில்தான் சீட் வெதுவெதுத்தது. பதினான்கு வருஷம் அந்தப் பெண்மணியின் எடை, தான் அறியாமலே, ஒரு வெடிப்பை மூடி வைத்திருந்தது. அவள் உட்கார்ந்தே அது வந்ததா, அவள் எழுந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. விரல் வைத்துக் காட்டினார். கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். கோளாறைப் பார்க்கிற முகமாக அது இல்லை.

"சரி பண்ணித்தான் ஆகணுமா?" என்றார்.

"ஆகணும் அண்ணே. சைக்கிள்ல வந்த பொண்ணு ஒரு சாண்ல தப்பிச்சா."

கண்ணாடிக்காரர் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். வெடித்த தகட்டை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, புதுப் பட்டை போட்டு, போதாதென்று இன்ஜினிலிருந்து கேபினுக்கு இரண்டாவது பட்டையும் ஒயரிங்காரர் போட்டார். அந்த நேரத்தில் அவர் மனைவி வெளியே வைத்திருந்த சீட்டைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சீட் அவளுடைய தொழில். மெத்தையைக் கையால் அழுத்தி விட்டாள். குனிந்து மறுபடி பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, கண்ணாடிக்காரருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஆள் உட்காராத சீட்டுல அமுங்கின பள்ளம் நாலஞ்சு மாசத்துல எழும்பிடும். இது எழும்பல."

ஏழு நாளாக நான் உட்கார்ந்திருக்கிறேனே என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"உங்க அளவு எனக்குத் தெரியாதா? உங்களுக்கே ரெண்டு தடவை பேன்ட் பிரிச்சுத் தச்சாச்சு. இது உங்க அளவு இல்ல. இது சின்ன உடம்பு."

பஞ்சு பழசு, ஸ்பிரிங் செத்திருக்கும் என்றார். இருக்கும் என்றாள் அவள். சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனவள் அன்றைக்கு மேற்கொண்டு தைக்கவில்லை.

பத்தாம் நாள் காலை, மகள் வருவதற்கு முன்னால், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஒயரிங்காரர் வளைவில் போய் இறங்கி நின்றார். கண்ணாடிக்காரர் தனியாக மேலே போய்த் திரும்பினார். இந்த முறை சத்தம் அறுபடவில்லை. விளக்கு எரிந்தது. வண்டி நல்ல வண்டி மாதிரி, வளைவில் சாய்ந்து, உறுமிக்கொண்டு இறங்கி வந்தது. ஒயரிங்காரர் தடுப்புக் கல்லிலிருந்து ஓரடி முன்னால் வந்து உள்ளே பார்த்தார். தேவை எதுவும் இல்லாமலே கண்ணாடிக்காரரின் கை பக்கத்து சீட்டை நோக்கிப் போனது. அதை அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது மெத்தை. மெத்தை அமுங்கியிருந்தது. கை பட்ட பிறகு அமுங்கியதா, கை போவதற்கு முன்பே அமுங்கியிருந்ததா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதை ஒரே ஒரு தடவை மனைவியிடம் சொன்னார். மறுநாளே, வெளிச்சம் கண்ணில் அடித்தது, நான் சரியாகப் பார்க்கவில்லை என்று திருத்திக்கொண்டார். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டாள்.

மகள் பதினோரு மணிக்கு வந்தாள். மருந்துக்கடையில் அனுமதி கேட்டு வந்திருந்ததால் அவசரத்தில் இருந்தாள். ஒயரிங்காரர் அறுத்தெடுத்த பழைய தகட்டை அவள் கையில் கொடுத்தார். துருவுக்கு நடுவில் பிறை மாதிரி ஒரு வெடிப்பு. கோளாறு வண்டியில்தான் இருந்தது, உங்கள் அப்பா ஒருநாளும் பொய் சொல்லவில்லை, நினைவும் தப்பவில்லை என்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். கையை வைத்த கதையை மட்டும் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் கொஞ்சம் தள்ளி, கண்ணாடிகளைக் கட்டிய கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகிய கட்டுதான்.

மகள் தகட்டைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்பாவின் பக்கம் போய் ஏதோ சொல்ல நினைத்து, போகாமல் நின்றாள். வண்டிச் சாவி பணிமேசை மேல் கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒயரிங்காரரிடம் திரும்பினாள்.

"அப்ப அப்பா தனியா ஓட்டலாம். அப்படித்தானே அண்ணா? நீங்க சொல்லுங்க, நான் குடுத்துடறேன்."

வேலை முடிந்த எந்த வண்டிக்காரரிடமும் ஒயரிங்காரர் இனிமேல் கோளாறு வராது என்று சொல்லித்தான் அனுப்புவார். முப்பது வருஷமாகச் சொல்கிறவர். சொல்லி ஒருதடவைகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த வண்டியில் அவர் ஒரு பட்டைக்கு இரண்டு பட்டை போட்டிருந்தார். எல்லாவற்றையும் அளந்திருந்தார். தையல் மெஷினிலிருந்து மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கண்ணாடிக்காரரின் கை நின்றது.

"வண்டி சரியா இருக்கும்மா," என்றார்.

"அது புரியுது. நான் கேட்டது அப்பாவைப் பத்தி."

அவர் அவள் கையிலிருந்து சாவியை எடுத்தார். நடந்து போய்க் கண்ணாடிக்காரரின் கையில் வைத்தார். வைத்துவிட்டு, கழுத்திலிருந்த மீட்டரைக் கழற்றி வண்டியின் பானெட் மேல் வைத்தார். மனைவி அதை எடுத்துக்கொள்ள எழுந்து வந்தாள். பிறகு அவர் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

அன்றைக்கு மட்டுமல்ல. மறுநாளிலிருந்து ஷெட்டின் பின்பாதி பதினோரு மணிக்குத்தான் திறந்தது. காலையில் ஒயரிங்காரர் கண்ணாடிக்காரரின் வீட்டுக்கு நடந்து போவார். அளவு குறித்த சீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். கண்ணாடியை இறக்க ஒரு கை கொடுப்பார். கண்ணாடிக்காரர் தானாகவே வண்டியை விற்று ஓய்வெடுத்த நாள் வரைக்கும், இரண்டு வருஷமும் நாலு மாதமும், ஒரு நாள் தவறாமல் போனார். காலையில் சின்ன வேலைக்கு வந்தவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வேறு ஆளிடம் போனார்கள். என்ன மீட்டர், தொழில் மாறிட்டியா என்று டீக்கடையில் கேட்டார்கள். ரிப்பேர் சரியில்லையா, அதுதான் கூடவே போய்க் காவல் காக்கிறாயா என்று ஒருவர் குத்தலாகக் கேட்டார். மகளும் ஒருதடவை தயங்கித் தயங்கிக் கேட்டாள். மனைவி மட்டும் கேட்கவில்லை. கல்குழி வளைவு வரும்போது அவர் முழங்காலை ஒருபக்கமாக ஒதுக்கி, இன்னொருவருக்கு இடம் விடுகிற மாதிரி சீட்டின் ஓரமாக நகர்ந்து உட்காருவார் என்று கண்ணாடிக்காரர் பிறகு ஒருநாள் சொன்னார். ஏன் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை.